ஆறடி மரியாதை

மார்ட்டி லாஃப்டஸ் இருபத்தொன்பது வருஷம் எங்கள் சுரங்க ஊரில் ஐரிஷ் வம்சத்தார் வருஷா வருஷம் நடத்தும் ஊர்வலத்தில் நடந்தவர். ஊர்வலக் கமிட்டியின் ஏட்டைப் புரட்டினால் அவர் ஒரு வருஷம்கூட நடக்கவில்லை.

அவர் நடந்தது குதிரைப் போலீசுக்குப் பின்னால், கையில் மண்வாரியோடு. குதிரைகள் போட்டுவிட்டுப் போகும் லத்தியை அள்ளித் தள்ளுவண்டியில் கொட்டுவார். யாரும் சொல்லிச் செய்ததல்ல. ஒரு வருஷம் கத்தோலிக்க ஆயர் ரோட்டைக் கடக்கும்போது தன் புதுச் செருப்போடு அதில் கால் வைத்துவிட்டார். மறுவருஷம் மார்ட்டி தானாகவே மண்வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அன்று முதல் ஆயரின் செருப்புக்கு ஒரு குறையும் வரவில்லை. போன அக்டோபரில் கொல்லையில் இலை கூட்டிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து, கூட்டிய குவியலின் மேலேயே சாய்ந்துவிட்டார்.

அவர் மனைவி பெர்னடெட் கேட்டது ஒரே ஒரு இடைவெளி.

இடைவெளி என்பது எங்கள் கமிட்டியின் பெருமை. 1934இல் ஊர்வலத்துக்கு முதல் நாள் ஒரு கொடி பிடிப்பவர் செத்துப்போனார். கூட நடப்பவர்கள் அவர் இடத்தைக் காலியாக விட்டு நடந்தார்கள். நல்ல மனசோடு செய்த காரியம். நல்ல மனசோடு செய்த எதையும் ஒரு கமிட்டி சும்மா விடுவதில்லை. மறுவருஷமே அது விதியானது: உறுப்பினர் காலமானாலும் ஊர்வலத்தில் அவர் இடம் காலமாகாது, ஆளுக்கு ஆறடி, என்றென்றைக்கும். ஏன் ஆறடி என்று கேட்டால், "செத்தவங்களுக்கு வேற எந்த அளவு கேட்டிருக்கீங்க?" என்பார்கள். பிறகு, 1934க்கு முன்னால் செத்தவர்கள் மட்டும் என்ன பாவம் செய்தார்கள் என்று கேள்வி வந்து, சுரங்கத்தில் மடிந்தவர்கள், கப்பலில் வரும்போதே மடிந்தவர்கள் என்று பேரன்மார் கொடுத்த பெயரையெல்லாம் சேர்த்துக்கொண்டார்கள்.

இன்றைக்கு ஊர்வலத்தில் உயிரோடு நடப்பவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். இடைவெளிகள் ஆயிரத்து நூற்று நாற்பது. இரண்டு பக்கமும் நீளப் பச்சைக் கயிறு, ஆறடிக்கு ஒரு முடிச்சு, முடிச்சுக்கு ஒரு பெயர்ச் சீட்டு. கயிறு பிடிக்க நம்மவர்கள் போதாமல் போலந்துக்காரர்களையும் இத்தாலிக்காரர்களையும் கூப்பிட்டுக்கொள்கிறோம். குழலூதும் குழுவில் குழலுக்கும் மேளத்துக்கும் நடுவே செத்தவர்கள் நாற்பது பேர். ஆகவே மேளம் ஒரு தெரு தள்ளி வருகிறது, எந்தப் பாட்டுக்கு அடிக்கிறார்கள் என்று அடிப்பவர்களுக்கே தெரியாது. சனங்கள் ஓரத்தில் நின்று காலி ரோட்டைப் பார்த்துக் கைதட்டுவார்கள். "எங்க மாமா இந்த வருஷம் கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கார்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

பெர்னடெட்டும் நாற்பது வருஷம் அப்படிக் கைதட்டியவள்தான். இப்போது அவளுக்கு மனசு ஆறவில்லை. ஊரில் எல்லார் வீட்டுச் செத்தவர்களும் வருஷத்துக்கு ஒரு தடவை வாசல் தாண்டிப் போகிறார்கள், தன் ஆள் மட்டும் எங்கேயும் இல்லை என்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஜனவரியில் கமிட்டி அலுவலகத்துக்குப் போனாள். அலுவலகம் தலைவர் பிரான்சிஸ் டர்க்கினின் கடை மாடியில் இருக்கிறது. டர்க்கின் குடும்பம் மூன்று தலைமுறையாக ஊரின் பிணங்களை அடக்கம் செய்து வருகிறது. கீழே உள்ளே போகிறவர் மேலே ஏட்டில் ஏறுவார், வசதிதான். செயலாளர் அலோஷியஸ் கெரிட்டி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்கினார்.

"மிஸஸ் லாஃப்டஸ், உங்க வீட்டுக்காரர் ஊர்வலத்துல போனாரா, ஊர்வலத்துக்குப் பின்னால போனாரா?"

"குதிரைக்குப் பின்னால போனார்."

"அதான் சொல்றேன். குதிரையோட ஊர்வலம் முடிஞ்சுது. அதுக்கப்புறம் போறது வெறும் ரோடு."

"அப்போ குதிரை ஊர்வலத்துல சேர்த்தி?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? குதிரை உறுப்பினர். காலமான குதிரை பதினாலுக்கும் இடைவெளி உண்டு. ஒன்பதடி."

"என் வீட்டுக்காரர் அள்ளினது அந்தக் குதிரைங்களோடதுதான்" என்றாள்.

"அதை யாரும் மறுக்கலையே" என்றார் கெரிட்டி, மிகுந்த மரியாதையோடு.

விஷயம் செயற்குழுவுக்குப் போனது, பெர்னடெட்டும் கூடப் போனாள். செயற்குழு பெரியது, நாற்பத்தொன்பது நாற்காலி. அதில் மூன்றில் ஆள் இருந்தார்கள்: டர்க்கின், கெரிட்டி, எப்போதும் அரைத் தூக்கத்தில் இருக்கும் துணைத்தலைவர். மற்ற நாற்பத்தாறு பேர் காலமானவர்கள். அவர்களுக்கு ஓட்டு உண்டு. கை தூக்காதவர்கள் எல்லாரும் தலைவர் பக்கம் என்பது விதி.

டர்க்கின் எழுந்து நின்றார். தோளில் குறுக்கே போட்ட பச்சைப் பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"நண்பர்களே," என்று காலி நாற்காலிகளைப் பார்த்துச் சொன்னார், "மார்ட்டி நல்ல மனுஷன். அவரை நானே என் கையால அலங்காரம் பண்ணிப் பெட்டியில வெச்சேன். ஆனா இந்த ஊர்வலம் யாருக்காக? உயிரோட இருக்கறவங்களுக்காகவா? அவங்க வாய் ஓயாது. மழைன்னா வர மாட்டாங்க. வழியை மாத்துங்க, பொம்பளைங்களையும் கமிட்டியில சேத்துக்கோங்கன்னு மனு போடுவாங்க. நாப்பது வருஷமா தலைவரா இருக்கேன். காலமானவங்க ஒருத்தர், ஒரே ஒருத்தர், என்மேல குறை சொன்னதுண்டா? சொல்லட்டும். இப்பவே சொல்லட்டும்."

சொல்லச் சொல்லிக் காத்திருந்தார். அறை அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் பெர்னடெட்டுக்கு மேசைக்கடியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. யாரோ இறுகிப்போன பூட்ஸை ஒரு காலால் இன்னொரு காலிலிருந்து உந்தி உந்திக் கழற்றுகிற சத்தம். கழன்றதும் ஒரு பெருமூச்சு. ஈரக் கரியின் வாடை வந்தது. குனிந்து பார்த்தாள். மேசைக்கடியில் நாற்காலிக் கால்கள் மட்டும்தான் இருந்தன.

"பழைய கட்டடம்" என்றார் டர்க்கின், அவள் கேட்காமலே.

துணைத்தலைவர் கண் விழித்து, எதற்கென்று தெரியாமலே மார்ட்டிக்கு ஆதரவாகக் கை தூக்கினார். ஆதரவு ஒன்று, எதிர்ப்பு நாற்பத்தெட்டு என்று கெரிட்டி எழுதிக்கொண்டார்.

கெரிட்டி கெட்டவர் அல்ல. படி வரைக்கும் கூடவே வந்து, ஒரு படிவத்தை அவள் கையில் வைத்தார். "மேல்முறையீடு பண்ணலாம். ஆனா இதுல கையெழுத்து போட வேண்டியவர் காலமானவர்."

"அவர் எப்படிப் போடுவார்?"

"எல்லாரும் உறுப்பினரா சேரும்போதே போட்டுக் குடுத்துடுவாங்க. என்னோடதுகூட ரெடியா இருக்கு. தேதி மட்டும்தான் காலி."

பெர்னடெட் வீட்டுக்கு வந்து படிவத்தை மேசையில் போட்டு மூன்று நாள் முறைத்தாள். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கு ஒரே ஒரு கோடுதான் இருந்தது. மனைவிக்கு என்று ஒரு கோடு போட யாருக்கும் தோன்றவில்லை. நாலாம் நாள் கோபத்தில், இருக்கிற ஒரே கோட்டில், பி. லாஃப்டஸ் என்று தன் கையெழுத்தைப் பேனா முனை ஒடியப் போட்டு அனுப்பிவிட்டாள்.

கமிட்டி தன் சரித்திரத்திலேயே இவ்வளவு வேகமாக எதையும் முடித்ததில்லை. ஒரே வாரத்தில் கறுப்புக் கரை போட்ட உறையில் பதில் வந்தது. "அன்புள்ள திருமதி லாஃப்டஸ், தங்கள் மறைவுச் செய்தி அறிந்து கமிட்டி ஆழ்ந்த துயரத்தில் உள்ளது. காலம்சென்ற மார்ட்டியின் மனைவி என்ற முறையில் தங்களுக்கு எண் 1,141 உள்ள இடைவெளி மகிழ்ச்சியுடன் ஒதுக்கப்படுகிறது."

மறுநாள் காலை பக்கத்து வீட்டு பெக் மெக்கேல் பன்றிக்கறித் துண்டங்களும் சோடா ரொட்டியுமாக வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"பெக், நான் சாகலை."

"தெரியுதுடி, கண்ணு தெரியாதா எனக்கு? ஆனா அறிவிப்புப் பலகையில போட்டுட்டாங்களே. உன் சாவு வீட்டுக்கு நான் வரலைன்னா ஊரு என்னை என்ன பேசும்?"

மத்தியானத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. வந்தவர்களுக்கு பெர்னடெட்தான் காபி போட்டாள், நாற்காலி போட்டாள், விஸ்கி ஊற்றினாள். எல்லாரும் அவள் கையைப் பிடித்து, அவள் எவ்வளவு நல்லவளாக இருந்தாள் என்று அவளிடமே சொல்லி அழுதார்கள். டர்க்கின் வந்து கூடத்தின் நடுவில் நின்று, இப்படியொரு பெண்மணியை இந்த ஊர் இனிப் பார்க்கப் போவதில்லை என்று அவளுக்கு நேராக நின்றே பேசினார்.

"டர்க்கின், நான் கேட்டது எனக்கில்ல. மார்ட்டிக்கு."

டர்க்கின் பெக் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "துக்கத்துல இப்படித்தான் ஆகும். அவங்க குரல் பக்கத்துலயே கேக்கற மாதிரி இருக்கும். காலப்போக்குல சரியாயிடும்."

அந்த ராத்திரி பெர்னடெட் பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதாள். அழுது முடித்ததும் ஒரு முடிவுக்கு வந்தாள். இடைவெளி அவளுடையது. அதில் அவள் யாரை நினைத்து நடந்தால் டர்க்கினுக்கென்ன.

ஐரிஷ் திருநாளான மார்ச் பதினேழுக்கு முந்தின சனிக்கிழமை, ஊர்வல நாள், ஈரப் பனி பொடியாகக் கொட்டியது. புதிதாகச் செத்தவர்களுக்கு முன்னால் இடம் போதாமல், இந்த வருஷம் கடைசியில், குதிரைகளுக்குப் பின்னால் ஒதுக்கியிருந்தார்கள். மார்ட்டி போனபிறகு அந்த வேலைக்கு யாரையும் போடக் கமிட்டிக்கு நினைவில்லை. ஆகவே ஆயிரத்து நூற்று நாற்பத்தோராம் எண்ணுக்கு வழி நெடுக லத்தி. பெர்னடெட் கொட்டகையிலிருந்து மண்வாரியை எடுத்துக்கொண்டு வந்தாள். கயிற்றைத் தூக்கி, குனிந்து, தன் ஆறடிக்குள் நுழைந்தாள்.

பச்சைப் பட்டை போட்டு ஊர்வலத்தை ஒழுங்குபடுத்தும் கமிட்டிக்காரர் ஒருவர் ஓடி வந்தார். "அம்மா, அது இடைவெளி! வெளிய வாங்க!"

"என் இடைவெளி. நீ உள்ள வந்து இழு."

அவர் கயிற்றைப் பார்த்தார். இடைவெளிக்குள் கால் வைப்பவர் கமிட்டியிலிருந்து ஆயுளுக்கும் நீக்கம். இழுத்தால் அவர் போச்சு. இழுக்காவிட்டால் விதி போச்சு. கடைசியில் ஏட்டில் இறந்துபோன ஒருத்தி தன் இடத்தில் நடப்பதற்கு எதிராக எந்த விதியும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வேறு பக்கம் பார்த்தார்.

பெர்னடெட் நடந்தாள். லத்தியை அள்ளி ஓரமாகக் கொட்டினாள். இரண்டு தெரு தாண்டியபோது ஒன்றைக் கவனித்தாள். கயிற்றுக்கு வெளியே வாய்கள் அசைந்தன, கைகள் தட்டின, சத்தம் மட்டும் தூரத்தில் எங்கோ இருந்தது. உள்ளே வேறு சத்தம். கால்கள். ஆயிரம் பேர் காலை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம்.

"ஏம்மா, பார்த்து. அங்க இன்னொரு குவியல் கெடக்கு" என்றது முன்னாலிருந்து ஒரு குரல்.

முன் முடிச்சில் ஆண்டனி ருவேன் என்று சீட்டு தொங்கியது. பழைய சீட்டு, இந்த வருஷம் ஏதோ வரிசை மாற்றத்தில் வாலுக்குத் தள்ளியிருந்தார்கள். சீட்டுக்கு நேரே, பனி விழாத ஒரு இடத்தில், கரி படிந்த முகத்தோடு ஒருவர் நொண்டிக்கொண்டிருந்தார். பெர்னடெட் மண்வாரியைக் குறுக்கே பிடித்துக்கொண்டாள். ஆனால் அவர் முகத்தில் பயமுறுத்துகிற எதுவும் இல்லை. வேலை முடித்து வீட்டுக்குப் போக வண்டி கிடைக்காதவர் முகம்தான் அது.

"நீங்க... சுரங்கத்துலயா?"

"1911. கூரை இறங்கிடுச்சு. வலிகூடத் தெரியலை. இருபத்தஞ்சு வருஷம் நல்லாத் தூங்கினேம்மா. அப்புறம் என் பேரன் போய் பேரைக் குடுத்தான். பாசத்துலதான் குடுத்தான், அவனைக் குத்தம் சொல்ல மாட்டேன்."

"அப்போலேர்ந்தா?"

"வருஷா வருஷம். பேரைச் சொல்லிட்டா எழுந்திரிச்சுத்தான் ஆகணும். கண்ணைத் தொறந்தா இதே ரோடு, இதே கயிறு. மேளம் வேற, எந்தத் தாளத்துலயும் நிக்க மாட்டேங்குது."

"மத்த நாள்ல தூங்கலாமே."

"எங்க வருது? திரும்பக் கூப்பிடுவாங்களேங்கற நெனப்புலயே வருஷம் போயிடுது."

முன்னால் பார்த்தாள். கண் பழகியதும் தெரிந்தது. முடிச்சு முடிச்சாக, தலை குனிந்து, ஆயிரத்துச் சொச்சம் பேர். சிலர் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்கள். சிலர் தூங்கிக்கொண்டே நடந்தார்கள். ஒரு கிழட்டுக் குதிரை ஒன்பதடிக்குள் தள்ளாடியது. ஓரத்தில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஆனந்தமாகக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

பெர்னடெட் கேட்டாள். "இங்க மார்ட்டின்னு ஒருத்தர்... குதிரைக்குப் பின்னால மண்வாரியோட வருவாரே..."

ருவேனின் முகம் மலர்ந்தது. "அவரா! உயிரோட இருக்கறப்போ எங்களைத் தாண்டிப் போகும்போதெல்லாம் 'மன்னிக்கணும்'னு சொல்லிட்டுப் போவாரே. எங்களைக் காலி இடம்னு நெனக்காம போன ஒரே ஆள். இல்லம்மா, அவர் இங்க இல்ல. அவரைத்தான் யாரும் கூப்பிடலையே. குடுத்து வெச்ச மனுஷன், எங்கயோ நிம்மதியாத் தூங்கறார்."

பெர்னடெட்டுக்கு ஐந்து மாசத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசானது. தான் கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் போனது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று நினைத்தாள். டர்க்கினின் நாற்பத்தெட்டு எதிர்ப்பு ஓட்டையும் மனசுக்குள் வாழ்த்தினாள். அந்தக் காலி நாற்காலிக்காரர்கள் ஒருவேளை தெரிந்துதான் கை தூக்காமல் இருந்தார்களோ என்று தோன்றியது.

ஆனால் ஊர் நல்ல ஊர். அதுதான் வினை.

மேடைக்கு எதிரில் பெக் நின்றிருந்தாள். பனியில் ஒற்றை ஆளாக லத்தி அள்ளிக்கொண்டு வரும் சிநேகிதியைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. "மார்ட்டி!" என்று கத்தினாள். "மார்ட்டி லாஃப்டஸுக்கு இடம் குடுங்கடா!" பக்கத்திலிருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒரு நிமிஷத்தில் தெருவே மார்ட்டி, மார்ட்டி என்று அதிர்ந்தது. மேடையில் ஆயர் இருந்தார், மேயர் இருந்தார், தொலைக்காட்சிக்காரர்கள் இருந்தார்கள். டர்க்கினின் மனசு அங்கேயே அப்போதே இளகியது. ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"அன்பர்களே! மார்ட்டி எப்பவும் நம்ம கமிட்டியோட இதயத்துல இருந்தவர். இதயத்துல இடம் பத்தாததால இன்னிக்கு ஊர்வலத்துல குடுக்கறோம். காலம்சென்ற திருமதி லாஃப்டஸோட கடைசி ஆசை இது. காலமானவங்க குரலுக்கு இந்தக் கமிட்டி எப்பவும் செவி சாய்க்கும்!"

"வேண்டாம்!" என்று பெர்னடெட் அலறினாள். "டர்க்கின், வேண்டாம்! நான் கேட்டதெல்லாம் தப்பு! அவரை விட்டுடு! தூங்கட்டும்!"

தலைவர் கைக்குட்டையில் மூக்கைச் சிந்தும் சத்தத்தை ஒலிபெருக்கி ஊருக்கெல்லாம் கொண்டு போனது. "பாருங்க," என்றார் தழுதழுத்து, "அந்த அம்மாவோட ஆன்மா சந்தோஷத்துல எப்படிக் கதறுது."

கெரிட்டி ஓட்டமாக ஓடி வந்தார். கால் உள்ளே படாமல் எட்டி, அவளுக்குப் பின் முடிச்சில் புதுச் சீட்டைக் கட்டினார். மார்ட்டின் ஜோசப் லாஃப்டஸ், 1,142. மை இன்னும் காயவில்லை. பெர்னடெட் பாய்ந்து அதைப் பிய்த்தெடுத்து, நாலாகக் கிழித்து, லத்திக்குள் போட்டு மிதித்தாள். கெரிட்டி பதறாமல் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து எழுதத் தொடங்கினார்.

"பிரயோசனமில்லம்மா," என்றார் ருவேன் மெல்ல. "சீட்டுல இல்ல விஷயம். ஊரே சேர்ந்து பேரைச் சொல்லிடுச்சே."

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பெர்னடெட் திரும்பவில்லை. திரும்பாமல் இருந்தால் இல்லாமல் போய்விடும் என்று ஒரு கணம் நம்பினாள்.

"பெர்னி?"

திரும்பினாள். அடக்கத்துக்குப் போட்ட நீலக் கோட்டோடு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட மனுஷனாக மார்ட்டி நின்றிருந்தார். கூட்டம் ஆரவாரித்தது. அவர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார்.

"என்ன கூட்டம் இது? யாரு என்னைக் கூப்பிட்டது?"

"நான்தான்" என்றாள். வேறென்ன சொல்ல முடியும்.

"நீயா," என்று சிரித்தார். "நீ கூப்பிட்டா சரிதான்." பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார். டர்க்கின் கடையில் பிணங்களுக்குப் போட்டுவிடும் செருப்பு, அட்டையில் அடி வைத்தது. ஈரத்தில் ஏற்கெனவே ஊறத் தொடங்கியிருந்தது. "இது நடக்கற செருப்பு இல்லியே, பெர்னி. ரொம்ப தூரமா?"

குழல்கள் எங்கோ தொடங்கின, மேளம் ஒரு தெரு தள்ளித் தன்பாட்டுக்குப் பதில் சொன்னது. கயிறு இறுகி இழுத்தது. ருவேன் பேசாமல் முன்னால் நொண்டினார். முப்பத்தேழு வருஷக் குடித்தனத்தில் பெர்னடெட் தன் புருஷனிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.

"இதோ, அடுத்த முக்குதான்" என்றாள்.